ஏறிக்கொண்டே போகும் எண்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ‘ஸ்கோர் அக்கா’ என்று பெயர். காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் கணினியைத் திறந்து, தன் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். மொத்தம் பத்தொன்பது கட்டுரைகள். பதினெட்டுக்கும் சேர்த்து முப்பத்தொரு மேற்கோள். கடைசி ஒன்றுக்கு மட்டும் நூற்று எண்பத்தாறு!

அது நூறைத் தொட்ட அன்று அவர் கணவர், பஸ் மெக்கானிக், கிரீஸ் கையோடு வாசல்வரை வந்து, “எங்க வீட்டம்மா செஞ்சுரி அடிச்சுட்டா!” என்று கத்திவிட்டுப் போனார்.

அந்தக் கட்டுரை சொன்னது இதுதான்: பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை எவ்வளவு என்று அறிய ஊசி குத்த வேண்டாம். நெற்றியில் ஒரு சின்னக் கருவியை வைத்தால் போதும். அது காட்டும் எண்ணை ரத்த அளவாக மாற்ற இதோ அட்டவணை. நானூறு குழந்தைகளின் ரத்தத்தை அக்காவே அளந்து போட்ட அட்டவணை.

நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு ஆறு வாரம் இருந்தது. அட்டவணையை இன்னும் பெரிதாக்கலாமே என்று மறுபடி அளக்க ஆரம்பித்தார். போன தடவை ரத்த ட்யூப்களை வைத்திருந்த ஜன்னல் மேஜையில் புது இயந்திரம் வந்து உட்கார்ந்துவிட்டதால் இந்த முறை அவை அலமாரிக்குள் இருந்தன. எல்லா அளவும் முன்பைவிடக் கூடுதலாகவே வந்தது.

“போன தடவை வெளிச்சம் படாம ஃபாயில் சுத்துனீங்கல்ல மேடம்?” என்றார் டெக்னீஷியன்.

அக்கா சுற்றவில்லை. ஃபாயில் சுற்றினால் ட்யூபின் எண் மறையும், ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றோடு மாறிவிடும் என்று பயந்து, ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துச் செய்த தப்பு! வெயில் பட்டால் ரத்தத்தின் மஞ்சள் குறையும். நானூறும் வெளிச்சத்தில் நின்றவை. அந்த அட்டவணையை நம்பினால், ஆபத்தில் இருக்கும் குழந்தையும் நல்லாயிருப்பதாகத்தான் தெரியும்.

இயக்குநரிடம் போனார்.

“யாராச்சும் கேட்டாங்களாம்மா? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க. நேர்காணல் முடியட்டும்.”

“அதுவரைக்கும் பொறக்கிற குழந்தைங்க, சார்?”

“நம்ம கட்டுரையெல்லாம் யாரும்மா படிக்கிறா!”

“நூத்தி எண்பத்தாறு பேரு, சார்.”

கட்டுரை வெளியான இதழுக்கு அன்றே எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வர ஏழு மாதமாயிற்று. அதற்கு முன்பே வந்த நேர்காணலில், அந்தக் கட்டுரையைத் தானே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு நின்றார். வேலை வேறொருவருக்குப் போனது. அக்காவின் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை.

கொடுமை அதற்கப்புறம்தான். எண் நிற்கவில்லை! அறிவிப்பை யாரும் பார்க்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டுக்கொண்டே போனார்கள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரி, தன் நர்ஸ்களுக்கான கையேட்டில் அந்த அட்டவணையை அப்படியே அச்சடித்திருந்தது. புதிதாக மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும் அக்கா கடிதம் எழுதினார். நாற்பத்தைந்து கடிதங்கள். பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல். மூன்று பதில் வந்தது. ஒன்றில், “அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம்” என்று இருந்தது.

கடைசி நாள் மேஜையைக் காலி செய்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“நாளையிலேர்ந்து என் மெயில் ஐடி வேலை செய்யாதுடா. அறிவிப்புல அந்த ஐடிதான் போட்டிருக்கு. யாராச்சும் சந்தேகம் கேட்டாக்கூட எனக்கு வராது. நீ எண்ணை மட்டும் பாத்துச் சொல்றியா?”

தலையாட்டினேன்.

இன்று காலை பார்த்தேன். இருநூற்று நாற்பது. போன் செய்தேன். கணவர் எடுத்தார்.

“ஏறிடுச்சா தம்பி?”

“ஆமாண்ணே.”

பின்னால் அக்காவின் குரல், “யாருங்க?” என்றது.

“யாருமில்ல, ராங் நம்பர்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.