ஏகாம்பரம் கிளப்பாத வண்டி

டில்லிக் குளிரில் லாரிகள் காலையில் கிளம்ப மறுத்தால், அந்த ஷெட்டில் எல்லோரும் ஏகாம்பரத்தைத்தான் தேடுவார்கள். இரண்டு பெரிய பேட்டரிகள் ஏற்றிய தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருவார். செத்த பேட்டரியின் முனையில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைக் கத்தியால் சுரண்டி, ஈயம் பளிச்சென்று தெரிந்த பிறகே கேபிளின் கவ்வியை மாட்டுவார். எஞ்சின் உறுமும். அவர் தொட்டுக் கிளம்பாத வண்டி இல்லை என்று பேர். ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் ஓட்டை. "இதுல சோறு வடிக்கலாம்யா" என்று திட்டிக்கொண்டே மனைவி சந்திரம்மாள் தைத்துப் போடுவாள்.

எழுபத்தொன்பது ஜனவரியில் சந்திரம்மாள் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்ற தந்தி கண்டதுமே மகள் வள்ளி காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டிருந்தாள். ரயிலில் இருந்தவளுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. காலையில் வரவேண்டிய ஜி.டி. எக்ஸ்பிரஸ் பனிமூட்டத்தில் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் உடலை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வண்டி புறப்பட்டுவிட்டால் வள்ளி அம்மா முகத்தை இனிப் பார்க்க முடியாது.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமா சார்?"

"எத்தனை நேரம்தான் காத்திண்டிருக்கறது, ஏகாம்பரம்? பொழுது சாஞ்சுடும்" என்றார், காரியங்களை முன்னின்று நடத்திய பக்கத்து பிளாக் கல்யாணராமன். பெரிய அதிகாரி. அதிகாரிகளிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்டு ஏகாம்பரத்துக்குப் பழக்கமில்லை.

டிரைவர் பல்பீர் சிங் சாவியைத் திருப்பினான். 'கட் கட்' என்றது, அவ்வளவுதான். நாலைந்து பேர் தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, ஷெட்டிலிருந்து ராஜசேகரன் பேட்டரி தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கேபிளைக் கையில் எடுத்தான்.

"இங்க குடு. நான் போடறேன்."

"இன்னிக்குமாண்ணே?"

"குடுடா."

என்ன கடமை உணர்ச்சி என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. ஏகாம்பரம் குனிந்தார். கத்தி இடுப்பில்தான் இருந்தது, எடுக்கவில்லை. உப்பின் மேலேயே கவ்வியை வைத்தார். மறுபடியும் 'கட் கட்.'

பல்பீர் இறங்கி வந்தான். முன்பு அதே ஷெட்டில் லாரி ஓட்டியவன். உப்பைப் பார்த்தான், ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

"பேட்டரி கதம், பாபுஜி. டைம் லகேகா." பேட்டரி செத்துவிட்டது, நேரமாகும் என்று கல்யாணராமனிடம் சொல்லிவிட்டு வண்டியின் மேல் சாய்ந்துகொண்டான்.

பனி மறுபடி இறங்கத் தொடங்கியபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. வள்ளி இறங்கினாள். கையில் கேபிளோடு அப்பா, சுற்றிலும் வண்டி தள்ள நிற்கும் ஆட்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! நீ வேலையில இருக்கியே, அப்ப அம்மாவுக்குத் தேவலையாப்பா? வழியெல்லாம் என்னென்னவோ நெனச்சிப் பயந்துட்டேன்."

ஏகாம்பரம் இதை மட்டும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போனார். கதவைத் திறந்தார்.

பெண்கள் வள்ளியைத் தாங்கி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன பிறகு, கத்தியை எடுத்து முனையைச் சுரண்டினார். ஈயம் தெரிந்தது. முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது.

"நிறுத்துப்பா! நிறுத்து!" என்று வள்ளி வாசலிலிருந்து அலறினாள்.

ஏகாம்பரம் கேபிளைச் சுருட்டித் தள்ளுவண்டியில் வைத்தார். பிறகு சந்திரம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.