எட்டாவது படத்தில் விழுந்த காட்டுச் சேவல்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒன்று என் வயிற்றில் பிறக்காதது. எதுவென்று இன்றைக்கும் ஊருக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான், என்றாலும் என் கதையை நானே எழுதுவேன். பிழை கண்டால் வாசிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

நேற்றுக் காலையில் பேத்தி கைப்போனை நீட்டியபடி வேலியோரம் காட்டுக்கோழிகளின் பின்னால் ஓடித்திரிந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. எட்டு வயதிலேயே நான் அதைப் படத்தில் விழுத்தியவள் என்றேன். சிரித்தாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நெடுங்கேணிக்கு அப்பால், காட்டை ஒட்டி வயல் செய்தோம். அறுவடை முடிந்த கையோடு, கொழும்பில் வேலையாயிருந்த மாமா ஒரு கமராப் பெட்டியோடு லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. தாயில்லாத அவரை அம்மாதான் வளர்த்தார். வந்த அன்றே அம்மாவைக் கதிரையில் இருத்திப் படம் எடுக்கப் பார்த்தார். அம்மா குசினிக்குள் ஓடிவிட்டார். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பது அந்தக் காலத்துப் பயம்.

"அப்ப எனக்கு ஒரு காட்டுச் சேவல் போதும்" என்றார் மாமா.

சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் தீற்றிய அந்தச் சேவலை நான் தினமும் களத்தடியில் கண்டிருக்கிறேன். மாமா மூன்று நாள் பற்றைக்குள் பதுங்கினார். சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அது பறந்துவிடும். எட்டுப் படச் சுருளில் ஏழு, வெறும் பற்றைக்கே போய்விட்டது.

அண்ணன் என்னைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டான். "இவள் கண்டது வீட்டுக்கோழி, மாமா. இவளின்ரை கதையைக் கேட்டு ஏமாறாதேங்கோ."

"அது வரும்!"

"வராட்டி?"

"ஒரு மாதம் உன்ரை மாட்டை நான் மேய்க்கிறன். வந்தால் என்ரை தண்ணிக் குடத்தை நீ தூக்கு. பொம்பிளையள் மாதிரி இடுப்பிலை!"

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அந்தச் சேவல் பதுங்குகிற ஆளுக்குத்தான் பயப்படும். விடியற்காலையில் அம்மா சுளகால் நெல்லைப் புடைக்கும்போது, சிதறும் மணிக்கு அவர் காலடி வரைக்கும் வரும். அதைச் சொன்னதும் மாமாவின் முகம் அப்படி மலர்ந்தது.

"அக்கா, நாளைக்கு வழக்கம்போலப் புடையுங்கோ. நான் வைக்கலுக்குள்ளை இருப்பன்."

"என்னைப் படத்திலை விழுத்திப்போடாதை, தம்பி."

"உங்களை ஆர் எடுக்கிறது? சேவலை விட நீங்கள் என்ன வடிவே?"

அம்மா சுளகாலேயே அவர் முதுகில் ஒன்று போட்டார்.

மறுநாள் விடிய வைக்கோல் போரைக் குடைந்து மாமாவை நானே சொருகினேன். பக்கத்தில் நானும் அண்ணனும். சுணை கடித்து மாமா நெளிந்தார். அம்மா புடைக்கத் தொடங்கினார். முதலில் இரண்டு பேடுகள். பிறகு என் ராசா, காட்டையே தான்தான் ஆள்வதுபோல நடந்து வந்தது. அண்ணனின் வாய் திறந்தபடி நின்றது.

மாமா அழுத்தவில்லை. சேவல் அம்மாவின் காலுக்கு ஒரு முழத்தில் கொத்தியது. அப்போதும் அழுத்தவில்லை. போகப்போகிறதே என்று மாமாவின் தொடையில் நுள்ளினேன். அம்மா நிமிர்ந்து, சேவலைப் பார்த்துத் தனக்குள் சிரித்தார். 'டிக்' என்றது பெட்டி.

நான் போட்ட கூச்சலில் சேவல் மட்டுமல்ல, காட்டில் இருந்த குரங்கெல்லாம் ஓடியிருக்கும். ஒரு மாதம் அண்ணன் குடத்தை இடுப்பில் சுமந்தான். நான் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பிறகு தபாலில் படம் வந்தது. நடுவில் அம்மா, சுளகோடு, சிரித்தபடி. ஓரத்தில் என் சேவல், பாதி வால் வெட்டுப்பட்டு. எனக்கு வந்த ஆத்திரம்! அம்மா படத்தைத் தன் உடுப்புப் பெட்டியின் அடியில் கவிழ்த்து வைத்தார். மாமா அடுத்த முறை வந்தபோது முகத்துக்கு நேரே கேட்டேன்: "உங்களுக்குப் படம் எடுக்கத் தெரியாதே?"

"ஓம் பிள்ளை. கை நடுங்கிப்போச்சு."

அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஆயுளுக்குப் பயந்த அம்மா தொண்ணூறைத் தொட்டுவிட்டுத்தான் போனார். சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது சட்டி பானையை விட்டேன், அந்தப் படத்தை மடியில் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. மாமாவின் கை அன்றைக்கு நடுங்கவில்லை என்பது விளங்க, எனக்கு ஆறு பிள்ளைகளை வளர்த்து முடிக்க வேண்டியிருந்தது.

பிள்ளை, இங்கே வா. போனை வைத்துவிட்டு இதை உரத்து வாசி, கேட்போம். சேவல் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசி.