ஈரத் தலை

மே மாதம் பாதி. பனிக்கட்டி உருகி மூன்று வாரம்கூட ஆகாத ஏரி. மௌலியோ ஜூலை மாதத்திலும் வெந்நீர் இல்லாமல் கை அலம்பாத ஆசாமி. அப்படிப்பட்டவர், வேனை நிறுத்தியிருந்த முகாமின் ஆபீஸில் ஒரு டெலிபோன் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர், அரை மணி கழித்துத் தலை சொட்டச் சொட்ட, உதடு நீலம் பாரித்து வந்து நின்றால், கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதா?

"என்னன்னா இது? ஏரியிலயா குளிச்சேள்?"

"சும்மாதான். குளிக்கணும்னு தோணித்து."

தோணித்தாம்! பொய் சொல்லக்கூடச் சாமர்த்தியம் இல்லாத மனுஷன். ஊரில் யாராவது போய்விட்டார்கள் என்று செய்தி வந்தால் முதல் காரியம் தலை முழுகுவது. அதைக் கனடாவுக்கு வந்தும் விடவில்லை. மொன்றியலில் அவர்கள் வீட்டுச் சாவி மாடி வீட்டு பாலசந்திரனிடம் இருந்தது. தபால் எடுத்து வைப்பவர் அவர்தான். மௌலி பேசியதும் அவரோடுதான். ஆக, தந்தி வந்திருக்கிறது. யார் என்பதுதான் பாக்கி.

கமலினி காப்பி கலந்து கொடுத்தாள்.

கல்யாணமான கையோடு 1968-ல் மொன்றியலுக்கு வந்தவள் அவள். முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். இரண்டாவது குளிர்காலத்தில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாவதில் ஒரு கல்லூரி நூலகத்தில் கார்டு அடுக்கும் வேலை கிடைத்தது. மௌலிக்குப் புவாண்ட்-கிளேரில் இன்ஜினீயர் உத்தியோகம். குழந்தை இல்லை. குறை என்று சொன்னால், ஏழு வருஷமாகத் திருச்சிக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான். ஒரு வருஷம் அவருக்கு லீவு இல்லை, ஒரு வருஷம் அவர் தங்கை கல்யாணச் செலவு. போன வருஷம் டிக்கெட் எடுக்கிற நேரத்தில் இந்த கேம்பர் வேன் விலைக்கு வந்தது. பழைய வண்டிதான். உள்ளே அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. அவள் அதற்கு 'ஓடுற ஒண்டுக்குடித்தனம்' என்று பெயர் வைத்தாள். "இந்த வருஷம் வேன், அடுத்த வருஷம் ஊர்" என்றார் மௌலி. அவளும் சரி என்று தலையாட்டி, பூப்போட்ட திரைச்சீலை தைத்து மாட்டினாள்.

இதெல்லாம் காப்பி ஆறுவதற்குள் அவள் மனசில் ஓடியது. பிறகு ஒன்று செய்தாள்.

"ஷேவிங் செட் எடுத்து வைக்கட்டுமா?"

அவர் தாடையைத் தடவிப் பார்த்தார். "வையேன்" என்றார்.

தன் பங்காளிகளில் யாராவது போயிருந்தால் பத்து நாள் அவர் கத்தியைத் தொடமாட்டார். குளித்துவிட்டு வந்து ஷேவ் பண்ணிய மனுஷனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கண்ணாடியில் அவர் கன்னத்தில் நுரை ஏற ஏற, அவளுக்குக் கணக்குப் புரிந்துகொண்டே வந்தது. அவர் பக்கம் இல்லை. அப்படியானால் தன் பக்கம்தான். அதுவும் நெருங்கின உறவின் தீட்டு, அவர் நெற்றியில் விபூதியும் இல்லை. வண்டி கிளம்புமுன் தினமும் தொட்டுக் கும்பிடும் பிள்ளையார் படத்தை இன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா, அம்மா, அண்ணா. மூன்று பேர்தான்.

கேட்டுவிடலாம். ஆனால் கேட்காத வரைக்கும் மூன்று பேரும் இருக்கிறார்கள். கேட்ட மறுநிமிஷம் ஒருவர் இல்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வண்டி கிழக்கே போயிற்று. அடுத்த முகாம் பே-சென்-போலில். கியூபெக் நகரம் தாண்டியதும் செயின்ட் லாரன்ஸ் நதி அகன்றுகொண்டே வந்தது. தகரக் கூரை வீடுகள், துளிர்த்தும் துளிர்க்காத மேப்பிள் மரங்கள், மேட்டு நிழலில் இன்னும் கரையாத அழுக்குப் பனி. சேற்றுக் கரையில் ஆயிரக்கணக்கில் வெள்ளை வாத்துகள் இறங்கியிருந்தன. மொன்றியல் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பல் ஒன்று மெதுவாக எதிரே வந்தது.

"கமலி, அங்க பாரு! எவ்வளவு வாத்து!" என்றார் மௌலி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எதையாவது காட்டினார். அவர் குரல் ரொம்பவும் உற்சாகமாக இருந்தது. பாவம், அழாமல் இருக்கத்தான் அந்தப் பாடு. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப் போன அழகு.

பதினொரு மணிக்கு ஆற்றோரத்தில் தெப்பனேர் என்று அங்கே சொல்லும் சில்லறைக் கடை ஒன்று வந்தது. பால், ரொட்டி, சிகரெட்டோடு வாசலில் படக் கார்டுகளும் தொங்கின. போகிற இடத்திலிருந்தெல்லாம் அம்மாவுக்கு ஒரு கார்டு போடுவது அவள் வழக்கம். திருச்சியில் அப்பாதான் அதை வாசிப்பார். அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும். முடிந்ததும், "இன்னொரு தரம் படியுங்கோ" என்பாள். 'உன் கடிதாசையெல்லாம் ரெண்டு தரம் கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டறது' என்று அப்பா எழுதுவார்.

வாத்துப் படம் போட்ட கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"ஏன்னா, யாருக்கு எழுதட்டும்?"

ஏழு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதே இல்லை. மௌலி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை... அப்பாவுக்கு எழுதேன்."

பேனாவை மூடினாள்.

"எப்போ?"

அவர் திரும்பிப் பார்த்தார். மறைத்துப் பிரயோஜனமில்லை என்று புரிந்துவிட்டது. முகம் கோணிப் போயிற்று.

"வியாழக்கிழமை. மாரடைப்பாம். வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிஞ்சாச்சு. நாம கிளம்பினப்புறம்தான் தந்தி வந்திருக்கு."

"எவ்வளவு தூரம் இப்படியே ஓட்டிண்டு போறதா இருந்தேள்?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு... நடு ரோட்டில எப்படிடி சொல்வேன்? போன வருஷம் உனக்கு டிக்கெட் எடுத்திருக்கணும். நான்தான் வேன் வேன்னு பறந்தேன். எந்த மூஞ்சியை வெச்சுண்டு சொல்வேன், கமலி?"

"வேண்டாம். பேசாதீங்கோ." அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல், வண்டி மேல், தன் கையால் தைத்த அந்தப் பூப்போட்ட திரைச்சீலை மேல். அவர் பறந்தார் சரி, நீ எங்கே போனாய் கமலினி? அம்மாவைப் பார்க்கணும் என்று ஒரு நாள் தரையில் விழுந்து அழுதிருந்தால் அவர் அனுப்பியிருக்கமாட்டாரா? கர்ட்டன் தைத்தாயே!

கதவைத் திறந்து இறங்கி ஆற்றை நோக்கி நடந்தாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"வேண்டாண்டி, தண்ணி விறைக்கும்! முகாமுக்குப் போய் வெந்நீர்ல..."

"நீங்க மட்டும் எதுல முழுகினேள்?"

ஸ்வெட்டரோடும் கால்சட்டையோடும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். எலும்புக்குள் குத்தியது. ஒரு முழுக்கு. இரண்டு. மூன்றாவது முழுக்கில் தலை தூக்கும்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு, "அம்மா" என்று, கடைக்காரி வாசலுக்கு வந்து பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

வேனுக்குள் மௌலி ஹீட்டரைப் போட்டு, கம்பளி போர்த்தி, அவள் தலையைத் துவட்டினார். அவள் தடுக்கவில்லை.

"திரும்பிடலாமா?" என்றார் கடைசியில்.

அவளுக்கு நேற்றுச் சாயங்காலம் முகாம் தபால்பெட்டியில் போட்ட கார்டு ஞாபகம் வந்துவிட்டது. ஏரிப் படம் போட்ட கார்டு. 'அம்மா, அடுத்த வருஷம் நிச்சயம் வரேன்' என்று எழுதியிருந்தாள். அது இந்நேரம் கிளம்பியிருக்கும். யாராலும் நிறுத்த முடியாது. பத்துப் பன்னிரண்டு நாளில், காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

வாத்துக் கார்டை எடுத்தாள். ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் முதல் வரியைக் கலைத்தது. துடைத்துவிட்டு எழுதினாள்:

'அப்பா, அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கேன். வந்ததும் எப்பவும் போல அடுப்படிக்குக் கேட்கற மாதிரி உரக்கப் படியுங்கோ. ரெண்டு தரம்.'