நான் மொழிபெயர்க்காத கேள்வி

தொப்புளுக்கு மேலே ஏதோ துடித்தது. மல்லாந்து படுத்தால் சட்டையே ஏறி இறங்கும். எல்கடுவவில் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்ந்தவன் நான், வயது அறுபத்தெட்டு. வாயுத் தொல்லை என்று விட்டுவிட்டேன்.

“குடல் ஏறியிருக்குங்க,” என்றாள் என் மனைவி சரோஜா. எண்ணெயைச் சுடவைத்து மூன்று வாரம் வயிற்றை அழுத்தி நீவினாள். சுகமாகத்தான் இருந்தது. இதைப் படிக்கும் யாருக்காவது வயிறு இப்படித் துடித்தால், தயவுசெய்து நீவவிடாதீர்கள். முதலில் ஸ்கேன் எடுங்கள்.

மாத்தளையில் எடுத்த ஸ்கேனில் மகாதமனி வீக்கம் என்று வந்தது (இதயத்திலிருந்து இறங்கும் பெரிய இரத்தக்குழாய், வயிற்றுக்குள் தேய்ந்த டியூப் மாதிரி உப்பிப்போவது). வெடித்தால் பிழைப்பது அரிது என்றார்கள். வேறு யாருக்கோ சொல்வதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சரோஜா என்னைத் தொடவே பயந்தாள்.

கண்டியில் டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். வயிற்றைத் திறக்காமல், இரண்டு தொடையிடுக்கிலும் சிறிதாகக் கீறி, உறைக்குழாயை (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) உள்ளே ஏற்றிப் பொருத்தலாம். அதற்கு வீக்கத்தின் ‘கழுத்து’ (சிறுநீரகங்களுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் பிரியும் இடத்துக்குக் கீழே இன்னும் உப்பாத பகுதி) போதிய நீளம் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. “கழுத்து நல்லா இருக்காம்” என்று நான் தமிழில் சொன்னதும், சரோஜா என் கழுத்தைப் பார்த்தாள்.

குழாய் பொருத்திய நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வெளியே வந்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிறு கசிவு தெரிந்தது (உறைக்குழாய்க்கு வெளியே, வீக்கத்துக்குள் இன்னும் இரத்தம் போவது). சில கசிவுகள் தாமாகவே அடைபடும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்திலேயே வளர்ந்தவளுக்குச் சிங்களம் வராது.

“நான் நீவுனதாலதான் இப்படி ஆச்சான்னு கேளுங்க. மறைக்காம கேளுங்க.”

ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அடுத்த ஸ்கேனுக்கு வார்டில் தங்க வேண்டுமா என்று டாக்டரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையை ஆட்டினார். சரோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆறாம் மாதம் கசிவு அடைபட்டிருந்தது. ஆனாலும் வருடா வருடம் பார்க்க வேண்டுமாம். இப்போதெல்லாம் எனக்குத் தைப்பொங்கலும் தீபாவளியும் கணக்கில்லை. இந்த ஸ்கேன், அடுத்த ஸ்கேன், அவ்வளவுதான். கீறிய இடத்துக்குக் கீழே இடது தொடை மரத்தே கிடக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த ஆறாம் மாத ஸ்கேன் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சரோஜா தானாக என்மேல் கை வைத்தாள். அந்த இடது தொடையில்தான். குனிந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“கை வச்சிருக்கேன், தெரியுதாங்க?”

“தெரியுது,” என்றேன்.