பேச்சி ஊற்றிக் கொடுத்த நல்ல தண்ணீர்

முத்தையாபுரத்தில் எங்கள் அடுத்த வீடு சந்தனமாரி அக்காவுடையது. உப்பளத்தில் வேலை. புருசன் இல்லை, ஒன்பது வயதில் பேச்சி என்று ஒரு மகள். அக்காவுக்கு வாய் நீளம். நான் எட்டாம் வகுப்போடு நின்றபோது, பள்ளிக்கூடம் பிழைத்தது என்று தெருவுக்கே சொன்னவள்.

துறைமுகம் வந்த புதிதில் தெருக்கிணற்றுக்குப் பின்னால் ஒரு ஷெட் முளைத்தது. மெஷின் சாமான்களில் பிசுக்குப் போக ஏதோ மருந்தில் கழுவுவார்கள். கழுவிய மருந்தைப் பின்பக்கக் குழியில் கொட்டுவார்கள். ஆறே மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் பெயின்ட் கடைத் தின்னர் மாதிரி நாறியது. வேறு தண்ணீர் கிடையாது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்குள் வர அதற்குக் கூச்சம்.

பேச்சிக்குத் தலைசுற்றல், வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். எங்கே போய் மாற்றுவது என்று சொல்லவில்லை. அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாயகன்ற அண்டாவில் இறைத்து, மூடாமல் இரண்டு நாள் முற்றத்தில் வைத்தால் வாடை பறந்துவிடும். அந்தத் தண்ணீர் பேச்சிக்கு மட்டும். அக்கா குடித்தது கிணற்றிலிருந்து நேராக.

சோதித்துப் பார்த்து, கிணறு கெட்டது என்று எழுதினால்தான் குழாய் உள்ளே வரும் என்றார்கள் குடிநீர் ஆபீசில். அந்த ஒரு காகிதத்துக்காக அக்கா ஏழு தடவை ஆபீசுக்கு நடந்தாள். மனு எழுதியது நான். பிழைகள் இலவசம்.

வருகிறோம் என்று சொன்ன திங்களும் செவ்வாயும் அக்கா வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள். அவர்கள் வந்தது அக்கா உப்பளத்துக்குப் போய்விட்ட புதன்கிழமை. ஆபீசர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கிணற்றில் வாளி இறைக்கப் பியூனுக்குச் சோம்பல். முதல் வீட்டில் குப்பியை நீட்டி, கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். அது பேச்சி வீடு.

ஒரு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. வாடை இல்லை, குடிக்க உகந்தது என்று நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர்கள் தண்ணீரை எங்கே எடுத்தார்கள் என்று அக்கா மகளிடம் கேட்டாள்.

"நான்தாம்மா ஊத்திக் குடுத்தேன். அண்டாவுல உள்ள நல்ல தண்ணி. வீடு தேடி வந்தவியளுக்கு நாத்தத் தண்ணியவா குடுப்பாவ?"

குப்பியை இரண்டு தடவை கழுவிக் கொடுத்ததாக வேறு சொன்னாள். அக்கா அடிக்கவில்லை. பேச்சிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

மறுபடி சோதிக்கச் சொல்லி எட்டாம் தடவை போனோம். அக்கா வரிசையில் நின்ற நேரத்தில், சோடா பாட்டிலில் இறுக்கி அடைத்துக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீரை ஆபீசர் மேசைக் கூஜாவுக்கு மாற்றிவிட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

ஒரு தடவை பார்த்தாயிற்று, இனி அடுத்த வருசம்தான் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே அவர் தம்ளரில் ஊற்றினார். வாய்க்குக் கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

"இத மனுசன் குடிப்பானாய்யா? எவன் கொண்டாந்து வச்சது?"

அந்த வாடை அக்காவுக்குத் தெரியாதா. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எங்க கெணத்துத் தண்ணி ஐயா. குடிக்கலாம்னு நீங்கதான எளுதிருக்கிய."

ஆபீசர் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். பியூன் என் காதைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டான். காகிதத்தில் எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

பேச்சியை ஆதிச்சநல்லூரில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள் அக்கா. அங்கே நல்ல ஆற்றுத் தண்ணீர். அதையும் இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் குடிப்பேன் என்று அந்தப் பிள்ளை அடம்பிடிக்கிறதாம்.

இங்கே அண்டா முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. அக்கா தனக்கென்று அதில் இறைத்து வைப்பதில்லை.