பொட்டுக்கு அடியில் இருந்த எண்

டீசல் எஞ்சின் மாட்டுவதற்காக அப்பாவின் பழைய காரிலிருந்து கழற்றி விற்ற பெட்ரோல் எஞ்சினைத் தேடி அலைந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரம், ஒரு வெல்டிங் கடையில் அது ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரருக்குப் புருவமெல்லாம் கருகியிருந்தது. தினமும் எஞ்சினுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம். பொட்டு சரியாக எஞ்சின் எண்ணின் மேல் இருந்தது. நான் கேட்டதும் துடைத்துக் காட்டினார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அதே எண்.

“இது இல்லாம காரு ஓடலியா சார்?”

“டீசல் எஞ்சின்ல ஓடுது. ஆனா ஒரிஜினல் இதுதாங்க.”

“கரண்டு போனா நம்ம கடைய ஓட்றதே இதான். ஒண்ணு பண்ணு சார், காரை இங்க இட்டாந்து வுட்டுடு. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, துடைத்த இடத்தில் மறுபடி குங்குமம் வைத்தார்.

கிண்டல் செய்தாரா, மனதாரத்தான் சொன்னாரா, இன்றும் தெரியவில்லை. அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் காரை மெதுவாக ஓட்டுகிறேன்.