சாம்பிராணியும் சக்களத்தியும்

என் வீட்டு ஹாலில் ஒரு சக்களத்தி இருக்கிறாள். கண்ணாடித் தொட்டியில், உப்புத் தண்ணீரில், உள்ளங்கை அகலக் காளான் மாதிரி நிற்கும் பவளம். மோதிரத்தில் பதிக்கிற கல் இல்லை, மெத்தென்ற உயிர். தலை முழுக்கக் குட்டிக் குட்டி விரல்களை நீட்டி ஆடிக்கொண்டிருப்பாள். எங்கள் ஊர் கோத்தா திங்கியில் வெள்ளம் ஏறியபோது நான் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓட, என் வீட்டுக்காரர் இவளை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் இடம் எது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அவருக்கு சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். வந்ததும் முதலில் தொட்டிக்கு முன்னால்தான் நிற்பார். காப்பி அங்கேயே போகவேண்டும்.

ரெண்டு மாதமாக அவள் சுருங்கிக்கொண்டே வந்தாள். சனிக்கிழமை பார்த்தால் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள்.

"நான்தான் தண்ணி சரியா மாத்தல. மன்னிச்சிரும்மா" என்று தொட்டியிடம் சொல்வார். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் அந்த வார்த்தையை என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை இந்த மனுஷன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி மேடையில் சாம்பிராணி போட்டேன். மேடையை ஒட்டித்தான் தொட்டி. புகை வளைந்து இறங்கி, தொட்டிக்குக் காற்று ஊதுகிற பம்புக்குள் சொகுசாக நுழைவதை அன்றுதான் கவனித்தேன். வாராவாரம் வீட்டுக்கு என்று போட்ட புகையை அவள் மூச்சில் போட்டிருக்கிறேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சக்களத்தி என்று பட்டம் வைத்தவளும் நான்தானே, யார் நம்புவார்கள்?

கிட்டப் போய்ப் பார்த்தேன். அடித்தண்டு கறுத்துக் குழைந்து, கெட்டுப்போன இறால் வாடை வந்தது. வீடியோ காலில் காட்டியதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"தலையை வெட்டிப் புதுக் கல்லுல கட்டணும். இல்லன்னா மொத்தமும் அழுகிரும்."

"நாளைக்கு வந்து நீங்களே வெட்டுங்க."

"நாளைக்கு ஓவர்டைம் லா. அதுவரைக்கும் தாங்காது. புது பிளேடு எடு."

எடுத்தேன். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "அலமாக், ஐயோ, நான் பாக்கல. முடிஞ்சதும் சொல்லு."

வெண்டைக்காய் மாதிரி வழுக்கியது. ஒரே இழுப்பில் வெட்டி, தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பூக்கட்டும் நூலால் கல்லோடு சேர்த்தேன். இறுக்கினால் நூல் அறுத்துவிடும், தளர்த்தினால் நழுவிவிடும். மல்லிகை கட்டுகிற கைக்கு அந்தப் பதம் தெரியும். கட்டி முடித்துப் பார்த்தால் மூன்று முடிச்சு. புருஷனுக்கு ரெண்டாம் கல்யாணத்தை நானே நடத்தி வைத்திருக்கிறேன்.

மறுநாளே சாமி மேடையைச் சமையலறைக்கு மாற்றினேன். இடம் மாறினால் சாமிக்கு ஒன்றும் ஆகிவிடாது. புகை போட்டதைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நாலைந்து விரல்களை நீட்டினாள். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து, "மன்னிச்சிரும்மா, எல்லாம் என் தப்பு" என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"நிறுத்துங்க. உங்க தப்பில்ல. என் சாம்பிராணிதான் அவளைக் கொல்லப் பாத்துச்சு."

பையைக் கீழே வைத்தார். "அப்ப நீ சொல்லு அவகிட்ட" என்று நகர்ந்து இடம் விட்டார்.

குனிந்தேன். பதினெட்டு வருஷத்தில் நானும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. தொட்டிக் கண்ணாடியில், எனக்குப் பின்னால் நின்ற அவர் முகம் தெரிந்தது. அதைப் பார்த்து, "மன்னிச்சிருங்க" என்றேன்.